சொல்லச் சொல்ல

"வா…ச…லு!"

ரத்தினசாமி இடது கையால் கட்டில் சட்டத்தை ஓங்கி அடித்தார். கோணிப்போன வாயிலிருந்து எச்சில் வழிந்தது.

"இந்த ஊட்டு வாசலை மிதிக்கக்கூடாதுங்கறாரு," என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி பூவாத்தாள். "அப்பிடியே அடி கண்ணு."

ரத்தினசாமியிடம் வேலை பார்க்கும் அன்னாள் டைப்ரைட்டரில் அப்படியே அடித்தாள். ஒவ்வோர் எழுத்தும் விரலைச் சுட்டது.

கடிதம் போக வேண்டியது தெய்வானைக்கு. ரத்தினசாமியின் மூத்த மகள்; அன்னாளோடு ஒரே பெஞ்சில் டைப்ரைட்டிங் படித்தவள். வேற்றுச் சாதிக்காரனைக் கட்டிக்கொண்டு மாட்டுப்பட்டிப் பக்கம் போய்விட்டாள். அன்றைக்கு ஊர் கேட்க அவளைத் தலைமுழுகியவர் ரத்தினசாமிதான்.

இப்போது அவள் மாசமாக இருந்தாள். 'தலைப்பிரசவம். இங்கே என்னைப் பார்த்துக்கொள்ள யாருமில்லை. அங்கே வரட்டுமா? அப்பா வாயால் ஒரு வார்த்தை சொன்னால் போதும்' என்று எழுதியிருந்தாள். அதைப் படித்துக் காட்டியதும் அன்னாள்தான். முன்பு வந்த கடிதத்துக்கும் இதே பதில்தான் போயிருந்தது.

கொழிஞ்சாம்பாறையில் ரத்தினசாமி பேர்போன மனு எழுத்தர். வாதம் அடித்து வலது பக்கம் விழுந்துவிட்டது. இடது கையில் பேனா நிற்காது. பேச்சு குழறியதில் பார்க்க வந்த டாக்டருக்கே ஒன்றும் விளங்கவில்லை.

பூவாத்தாளுக்கு மட்டும் ஒரு சொல் தப்பாமல் விளங்கும். அவர் குழறக் குழற அவள் எடுத்துச் சொல்வாள்; அன்னாள் அடிப்பாள். கையெழுத்துக்கூடப் போடத் தெரியாத பூவாத்தாளின் வாயில் 'மேற்படி சர்வே நம்பர்', 'ஆட்சேபணை' என்றெல்லாம் வருவதைக் கேட்டு, மனு எழுத வந்தவர்கள் வாயடைத்துப் போவார்கள். தாசில்தார் ஆபீசிலிருந்து ஒரு மனுவும் திரும்பியதில்லை.

அன்றும் அப்படித்தான் நடந்தது. ரத்தினசாமி ஒரே சத்தத்தைத் திரும்பத் திரும்பப் போட்டார். பூவாத்தாள் சொல்லச் சொல்லக் கடிதம் ஒரு பக்கம் நிறைந்தது.

"படிச்சுக் காட்டு கண்ணு."

"…நீ எனக்கு மகளே இல்லை. இந்த வீட்டு வாசலை மிதிக்காதே," என்று அன்னாள் முடித்தாள்.

ரத்தினசாமி மறுபடி கட்டிலை அடித்தார். கண்ணிலிருந்து நீர் கொட்டியது.

"கோவத்தைப் பாரு. படுத்த படுக்கையிலயும் அடங்க மாட்டேங்குது," என்று பூவாத்தாள் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

பாவி மனுசா, பெத்த பொண்ணுக்கா இப்படி, என்று அன்னாள் மனசுக்குள் வைதாள். அன்றிலிருந்து அவர் முகம் பார்த்து வணக்கம் சொல்வதையும் விட்டுவிட்டாள்.

அன்று அவள் கிளம்பும்போது பூவாத்தாள் வாசல்வரை கூட வந்தாள். "சின்னவளுக்குப் பொள்ளாச்சிப் பக்கமிருந்து ஒரு இடம் வந்திருக்குது கண்ணு. அக்காக்காரி போனதுலருந்து ஒண்ணும் நிக்க மாட்டேங்குது. இதாச்சும் நிக்கோணும்."

"நிக்குமுங்கம்மா," என்றாள் அன்னாள். கையில் தெய்வானைக்கு அடித்த கடிதம் கனத்தது. போகிற வழியில் அதைத் தபாலில் சேர்த்தாள்.

அந்த வாரக் கடைசியில் கந்தப்பன் என்கிற குடியானவர் படலுக்கு வெளியே நின்று கூப்பிட்டார். "ஏனுங்க, பட்டா மனு ஒண்ணு எழுதோணுமுங்க. இப்ப வரலாங்களா, பொறவு வரட்டுங்களா?"

"வா…ச…லு," என்றார் ரத்தினசாமி, படுத்தபடியே.

"வரச் சொல்றாருங்க! உள்ள வாங்க," என்று அடுப்படியிலிருந்தே பூவாத்தாள் குரல் கொடுத்தாள்.

அன்னாளின் விரல்கள் டைப்ரைட்டர் மேல் அப்படியே நின்றன. அதே சத்தம். அதே இழுப்பு.

கந்தப்பன் மனுவை வாங்கிக்கொண்டு போகிறவரை எப்படியோ பொறுத்திருந்தாள். பூவாத்தாள் மறுபடி அடுப்படிக்குப் போனதும் கட்டிலருகே வந்து குனிந்தாள்.

"ஐயா, தெய்வானையை வரச் சொல்லுன்னுதானுங்க அன்னைக்குச் சொன்னீங்க?"

ரத்தினசாமி அவளையே பார்த்தார். வாதம் விழுந்த நாளிலிருந்து யாரும் அவரிடம் நேராக எதுவும் கேட்டதில்லை. இடது கை தடுமாறி வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. தலை மேலும் கீழும் ஆடியது. "தெ…வா… வா…ச…லு," என்று குழந்தை மாதிரி விம்மினார்.

இந்த மனுசனையா வைதோம் என்று அன்னாள் தன்னையே நொந்துகொண்டாள். அவசர அவசரமாக மெஷினில் புதுத்தாளைச் செருகினாள்.

"ஏனுங்கம்மா, ஓடி வாங்க! நாம தப்பா வெளங்கிக்கிட்டமுங்க. ஐயா வாசல்னு சொல்லலீங்க, வரச் சொல்லுன்னுதான் சொல்லியிருக்காருங்க. உங்க காதுலயும் தப்பா உளுந்திருச்சாட்ட இருக்குதுங்க. இன்னைக்குத் தபாலுக்கே வேற கடிதாசி போட்டரலாமுங்க!"

பூவாத்தாள் ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடி வந்தாள். புருசனைப் பார்க்கவில்லை. நேரே மெஷினிடம் போய், செருகியிருந்த தாளை மெல்ல உருவி எடுத்தாள்.

கொல்லையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த சின்னவளுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினாள்.

"எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது, கண்ணு."