பழைய பார்ட்

"ரிப்பேர் பண்ணிரலாமா, மாத்திரலாமாங்க மேடம்?"

வாட்ச் கடையில் கோட்டு போட்டவர் கேட்டார்.

கறுப்பு வெல்வெட் துணிமேல் அவள் கணவருடைய வாட்ச் முதுகு திறந்து கிடந்தது. இத்தனை வருடத்தில் அதை இவ்வளவு கிட்டத்தில் அவள் பார்த்ததில்லை. அவருக்கு உடம்பு முடியாமல் போகும்வரை தொட்டதே இல்லை. வீட்டுக்கு வந்தவர்களுக்கு முதலில் வாட்ச், அப்புறம்தான் தண்ணீர்.

உள்ளே பிறை வடிவில் ஒரு தகடு. கை ஆட ஆட அது சுற்றும். அது சுற்றினால்தான் வாட்சுக்குச் சாவி ஏறும்.

அந்தத் தகட்டில் ஒரு கீறல்.

அவர் மேடையில் விழுந்தபோது பட்டது.

'நேரத்தின் அருமை' என்பது தலைப்பு. பத்து நிமிடம் வாழ்த்திப் பேச அழைக்கப்பட்ட தொழிற்செம்மல் சென்னியப்பன், முக்கால் மணி நேரத்தைத் தாண்டிக்கொண்டிருந்தார். மணி பார்க்கத்தான் இடது கையைத் தூக்கினார். முடிக்கப்போகிறார் என்று கூட்டம் நன்றியோடு கைதட்டியது.

அந்தக் கைதட்டலுக்கு நடுவில் சாய்ந்தார்.

பேச்சு ஒரே வாரத்தில் திரும்பிவிட்டது. வீட்டில் யாரும் அதைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கவில்லை.

இடது கைதான் திரும்பவில்லை.

காலையில் அதில் வாட்சைக் கட்டிவிடுவாள். மறுநாள் நின்றிருக்கும்.

"கை வந்துட்டிருக்குது. வாட்சுலதான் கோளாறு. போய் பார்ட்ட மாத்திட்டு வா. பழைய பார்ட்டக் கேட்டு வாங்கிக்கோ. மாத்துனேன்னு சொல்லிப் பழசையே மாட்டிக் குடுத்துருவானுக."

அவருக்குத் தெரியும். அவருடைய பம்ப்செட் சர்வீஸில் அதுதான் வழக்கம்.

வலது கையில் கட்டிக்கொள்ளலாமே என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தாள். அன்று அவர் சாப்பிடவில்லை.

கோட்டு போட்டவர் குரலைத் தாழ்த்தினார். அந்தக் கடையில் விலையைத் தவிர எல்லாமே தாழ்ந்துதான் இருந்தது.

"உண்மையச் சொன்னா ரெண்டுமே தேவையில்லைங்க மேடம். அந்தக் கீறலால ஓட்டம் நிக்காது. எங்க மிஷின்ல மாட்டி ஆட்டிப் பார்த்துட்டோம். நிக்காம ஓடுது."

கொஞ்சம் தயங்கினார்.

"சார் கைய ஆட்டுறாருங்களா?"

அவள் வாட்சைப் பார்த்தபடியே கேட்டாள்.

"திருகிச் சாவி குடுக்க முடியாதுங்களா?"

"இந்த மாடல்ல அந்த வசதி இல்லைங்க."

இவ்வளவு விலை கொடுத்தவர்கள் வசதி வேறு எதிர்பார்ப்பார்கள் என்று அதைச் செய்த வெளிநாட்டுக்காரனுக்குத் தோன்றவில்லை போலும்.

வாட்ச் நன்றாகத்தான் இருக்கிறது என்று வீட்டில் போய்ச் சொல்ல வேண்டும். சொன்னால், கெட்டுப்போனது எது என்று அவரே கண்டுபிடித்துவிடுவார்.

"மாத்திருங்க."

"நல்ல பார்ட்டுங்க மேடம் அது."

"தெரியுதுங்க. பழசை ஒரு கவர்ல போட்டுக் குடுங்க. கீறல் நல்லாத் தெரியோணும்."

*

அவர் அந்தத் தகட்டை வலது கையால் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். முகத்தில் பழைய மேடைக்களை வந்தது.

"பாத்தியா? நாஞ் சொன்னனில்ல? பார்ட்டுதான் போயிருக்குது."

"ஆமாங்க."

வந்தவர்களுக்கெல்லாம் கீறலைக் காட்டினார். பிசியோதெரபி செய்ய வரும் பெண்ணுக்கு இரண்டு தடவை. அந்தப் பெண் அவருடைய இடது விரல்களை ஒவ்வொன்றாக நீட்டி மடக்கிக்கொண்டே, அப்படிங்களா சார் என்றாள்.

வாட்ச் நிற்கவில்லை.

மதியம் அவர் உறங்கியதும் அவள் பூனைபோல் உள்ளே போவாள். வாட்சின் கொக்கியைத் திறந்து கழற்றுவாள். தன் கையில் மாட்டிக்கொள்வாள். அது முழங்கை வரை வழுகும்.

மதிய வேலைக்காரியை நிறுத்திவிட்டாள். அவளே வீடு பெருக்கினாள். துணிகளை உதறி உதறிக் காயப்போட்டாள். உதற ஒன்றும் மிச்சமில்லாத நாட்களில் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வெறுங்கையை வீசினாள்.

அவர் விழிப்பதற்குள் திரும்பக் கட்டிவிடுவாள்.

கட்டுவது சிரமமில்லை. அந்தக் கை எதையும் எதிர்க்காது.

அன்று மதியமும் போனாள்.

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். இடது கை முதுகுப் பக்கமாக, அவள் நிற்கும் இடத்துக்கு எட்டும்படி எடுத்து வைக்கப்பட்டிருந்தது.

கொக்கி ஏற்கெனவே திறந்திருந்தது.

அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

கொஞ்சம் சத்தமாகவே.