பெற்றவள் கை

பிள்ளையின் வாய்க்கு வாடகை, கூடைக்கு இரண்டு கைப்பிடிப் பழம்.

பழம் பறிக்கிற பெண்கள் பேரம் பேசிப் பார்த்தார்கள். ஒன்றரைக்கு அவள் இறங்கவில்லை.

காட்டுப்பழம் வாங்கும் கிடங்கில் சன்னல் வழியாகத்தான் வியாபாரம். முதலாளி கண்டிப்பான ஆள். கூடைக்குள் கையை விட்டு, அடியிலிருந்து ஒரு பழத்தை அவரே எடுத்துக் கொடுப்பார். அதைப் பெற்றவள் தன் கையால் தன் பிள்ளைக்கு ஊட்ட வேண்டும். பிள்ளை "அம்மா" என்று சொல்ல வேண்டும். அப்புறம்தான் தராசு.

பெற்றவள் நல்ல பழமாகப் பார்த்துத்தான் பறிப்பாள் என்பது அவர் கணக்கு.

அந்தக் கணக்குத் தெரிந்ததால்தான் யாரும் சொந்தப் பிள்ளையைக் கூட்டி வருவதில்லை.

வாடகைக்காரி என்றே அவளுக்குப் பெயர் விழுந்திருந்தது. கால் விளங்காது, மேடேறிப் பறிக்க முடியாது. நாலு வயதுப் பிள்ளை மட்டும் இருந்தது. வரிசையின் கடைசியில் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொருத்திக்கும் சட்டையை மாற்றி, தொப்பியை மாற்றி அனுப்புவாள்.

"எல்லாரும் ஒரே அச்சுல வார்த்த மாதிரி பெத்துப் போடுறீங்களேம்மா," என்பார் முதலாளி. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

அன்று மூன்றாவதாக நின்றவள் அவளுடைய நாத்தனார். வாடகைப் பழத்தைக் கொட்டிவிட்டு, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு சன்னலுக்குப் போனாள்.

வாடகைக்காரி பழத்தை மடியில் பரப்பிப் பார்த்தாள். நல்ல பழத்துக்குக் காம்படி இலை பின்னால் மடங்கியிருக்கும். விஷப் பழத்துக்கு அந்த இலை பழத்தைத் தாண்டி நட்சத்திரமாக விரிந்து நிற்கும். மற்றபடி நிறமும் ஒன்று, மினுக்கும் ஒன்று, இனிப்பும் ஒன்று.

மடியில் இரண்டு நட்சத்திரங்கள் கிடந்தன.

நிமிர்ந்தாள். முதலாளி அப்போதுதான் நாத்தனாரின் கூடைக்குள் கையை விட்டிருந்தார்.

கத்தினால் பிள்ளை துப்பிவிடும். ஆனால் கத்துகிறவள் யார், பிள்ளை யாருடையது என்ற கேள்வி வரும். அத்தனை கூடையும் குப்பைக்குப் போகும். அவளுடையதும்தான்.

கூடை நிறையப் பழம். அதில் அவர் கைக்கு இதுவா போய்ச் சிக்கும்?

"அம்மா தர்றேன், ஆ காட்டு தங்கம்," என்றாள் நாத்தனார்.

"அம்மா," என்றது பிள்ளை, மென்றுகொண்டே.

வாடகைக்காரி அந்த இரண்டையும் தரையில் போட்டு நசுக்கினாள். அடுத்த சட்டையை எடுத்து உதறினாள்.

நாலாவது கூடை போனது. ஐந்தாவதும் போனது. ஆறாவதுக்குப் பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தது. "வெயிலு," என்றாள் ஒருத்தி. நாத்தனார் காசை முந்தானையில் முடிந்துகொண்டு, "வர்றேன் அண்ணி," என்று வேறெங்கோ பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாள்.

கடைசியாக அவள் முறை. அன்றைக்கு வந்ததிலேயே சுத்தமான கூடை அவளுடையதுதான். வாடகையாக வந்ததை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துச் சேர்த்தது.

முதலாளி எடுத்துக் கொடுத்த பழத்தைப் பிள்ளையின் வாயருகே கொண்டுபோனாள். உதடு காய்ந்து ஒட்டிக் கிடந்தது. முகம் சிவந்து கொதித்தது. கருமணி கண் முழுக்க விரிந்திருந்தது. பிள்ளை அவளைப் பார்த்தது. யாரோ என்று பார்த்தது.

"அம்மான்னு சொல்லுடா. என் ராஜா இல்ல, ஒரே ஒரு தடவ."

பிள்ளை அவள் கையை விட்டு விலகி, காற்றில் எதையோ எட்டிப் பிடிக்கப் போனது.

முதலாளி முதன்முறையாகச் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்.

"எவ பிள்ளைய இழுத்துட்டு வந்து என்கிட்டயே காட்டுற? பெத்தவளத் தெரியாத பிள்ளை உலகத்துல உண்டா?"

கூடையை வெளியே தள்ளினார். உள்ளே மூட்டை கட்டுகிறவனிடம் திரும்பிச் சொன்னார்:

"இன்னைக்கு வந்தது ஏழு. ஆறு தாய், ஒரு திருடி."