ஈயத்துண்டின் எடை

அடி அண்ணாமலையில் கற்பூரக்கடை வைத்திருந்த காசியை, பன்றி வேட்டைக்காரன் ஒருவன் எப்போதோ குறிதவறிச் சுட்டிருந்தான். தோள்மூட்டில் தங்கிய ஈயத்துண்டு ரத்தத்தில் விஷமாய்க் கரைந்து, வலது மணிக்கட்டு தொங்கிப்போனது. வேலூரில் துண்டைக் கீறி எடுத்துக் கையில் கொடுத்தார்கள். விஷம் இறங்க ஊசியும் போட்டார்கள். "கை வரலாம், வராமலும் போகலாம்" என்றார் டாக்டர். அவரிடம் பேரம் படியவில்லை.

தராசு தூக்க முடியாதவனுக்குக் கடை எதற்கு? மனைவி ஆதிலட்சுமிதான் தராசைப் பிடித்தாள். ஒருநாள் விளையாட்டாக, மிளகளவே இருந்த அந்த ஈயத்தைத் தட்டில் போட்டாள். எதிர்த்தட்டில் அரைக்கிலோ கல். ஈயம்தான் கீழே இறங்கியது.

"தராசுல கோளாறு."

"கற்பூரத்துக்குச் சரியாத்தானே காட்டுதுங்க?"

ஊசி போட்டுவரும்போதெல்லாம் நிறுத்துப் பார்த்தார்கள். ஈயம் கால்கிலோவுக்கு வந்தது, பிறகு நூறு கிராமுக்கு. "இன்னும் கொஞ்சம் கம்மி பண்ணுப்பா" என்று காசி அதனிடமே பேரம் பேசினான்.

பௌர்ணமியன்று, எதிர்த்தட்டில் இடது கையால் ஒரேயொரு கற்பூர வில்லையைப் போட்டான். ஈயத்தட்டு மேலே எழுந்தது.

"ஏறிடுச்சு லட்சுமி! ஆட்டாம புடி!" என்றான், தட்டிலிருந்து கண்ணெடுக்காமல்.

இரு கைகளிலும் திருநீற்றுப் பொட்டலங்களோடு ஆதிலட்சுமி அப்போதுதான் வாசலேறினாள்.

"நான் எங்கங்க புடிச்சேன்?"

காசியின் வலது கையில் தராசு ஆடாமல் நின்றது.