விட்டுக்கொடுத்த கயிறு

கஸ்பாரின் படகை, கரையில் நட்டிருந்த கட்டையோடு சேர்த்து இரண்டு கயிறுகள் பிடித்துக்கொண்டிருந்தன. ஒன்று தேய்ந்துபோன தேங்காய்நார்க் கயிறு. மற்றது போன மாசம் வாங்கிய நைலான் கயிறு.

அன்று புயல்காற்றில் படகு திமிறியது. நார்க்கயிறு புரி புரியாக அறுவதைப் பார்க்க நைலானுக்குப் பொறுக்கவில்லை.

“அண்ணே, நாம விறைச்சுக்கிட்டு நிக்கிறதாலதானே இந்த இழுப்பு? நான் கொஞ்சம் விட்டுக்குடுக்கிறேன். படகு அது போக்குல ஆடட்டும், உங்களுக்கும் நோகாது.”



நைலான் தன் முடிச்சை மெல்லத் தளர்த்தியது. உடம்பெல்லாம் லேசாகிவிட்டது.

“பாத்தீங்களா, எவ்வளவு சுகமா இருக்கு!”

“ஆமா தம்பி,” என்ற நார்க்கயிற்றில் இன்னும் இரண்டு புரிகள் தெறித்தன.

அடுத்த அலையில் அது அறுந்தது. படகின் முழுப் பாரமும் தன்மேல் வந்து விழுந்தபோதுதான், இவ்வளவு நேரமும் அதைச் சுமந்தது யார் என்று நைலானுக்கு உறைத்தது. உயிரைக் கொடுத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

“ஏண்ணே சொல்லலை?”

“எனக்காகன்னு எவ்வளவு ஆசையாச் செஞ்சே…” என்றபடியே அறுந்த கயிறு அலையோடு போய்விட்டது.

மூன்றாம் நாள் கடல் குளம்போலக் கிடந்தது. தொழிலுக்குக் கிளம்பிய கஸ்பார் நைலானின் முடிச்சை நகத்தால் நெம்பிப் பார்த்தார், பல்லால் கடித்து இழுத்தார். அது இளகவே இல்லை.

“விடேன், காத்துதான் ஓஞ்சிடுச்சே,” என்று கயிற்றைத் தட்டிக்கொடுத்தார். பிறகு கத்தியை எடுத்தார்.