ராசியில்லாத மாப்பிள்ளை

“மாப்பிள்ளை, நீங்க எழுந்து போனதும் நம்ம பசங்க டச்டவுன் போட்டுட்டாங்க!” என்று துள்ளினார் ராய்ஸ். தான் படித்த பைன்ரிட்ஜ் கல்லூரியின் அமெரிக்கன் ஃபுட்பால் அணிப் பச்சை பனியனை அவர் ஆட்டம் உள்ள சனிக்கிழமைகளில்தான் போடுவார். துவைத்தால் ராசி போய்விடும் என்று சீசன் முடியும்வரை துவைக்க விடமாட்டார்.

ஐஸ் எடுத்துவந்த டக்கர், மாமனார் பக்கத்தில் பாவமாக உட்கார்ந்தான். சற்று நேரத்தில் சிப்ஸ் எடுக்க எழுந்தான். அவன் கதவைத் தாண்டவும் டிவியில் மறுபடி டச்டவுன்!

“திரும்ப உட்காராதீங்க! நீங்க இங்க இருந்தா விளங்காது. உங்க அத்தையும் இப்படித்தான். ஆட்டம்னா அவளைக் கார் ஷெட்டுக்கு அனுப்பிடுவேன். நீங்களும் அங்கயே போயிடுங்க. தப்பா நினைச்சுக்காதீங்க, காலேஜ் மானம் இருக்கு!”

டக்கர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனான்.

கார் ஷெட்டில் மாமியார் லொரீன் காலை நீட்டி உட்கார்ந்து ஆப்பிள் கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இன்னொரு நாற்காலி தயாராக இருந்தது.

“வாங்க மாப்பிள்ளை. காதுல இருக்கறதைக் கழட்டுங்க. இனிமே தேவைப்படாது.”

டக்கர் அசடு வழிந்தபடி, தொப்பிக்குள் மறைத்திருந்த ரேடியோ இயர்போனைக் கழற்றினான். “எப்படி அத்தை கண்டுபிடிச்சீங்க?”

“ரேடியோல டச்டவுன்னு சொல்லி அரை நிமிஷம் கழிச்சுத்தானே டிவில வருது? நானும் அதை வச்சுத்தான் தப்பிச்சேன்.”

“மாமாவுக்கு இது தோணவே இல்லையா? அந்தக் காலேஜ்ல அப்படி என்னதான் படிச்சார்?”

லொரீன் கேக்கில் ஒரு துண்டு வெட்டி நீட்டினாள்.

“டிவி ஒளிபரப்பு இன்ஜினியரிங்.”