மந்தாரை மரத்தடியில் ஒரு ணங்

வாசலில் மந்தாரை மரம் பூத்து நிற்கிறது. அதே இடத்தில்தான் கார் ஷெட் போட்டாக வேண்டும். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

"பேர்த்து எடுத்துக் கொல்லையில நட வேண்டியதுதான். இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார் ரெத்தினம். நன்னிலம் பக்கம் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"பன்னெண்டு வருஷத்து மரங்க. பேர்த்தா பட்டுப் போயிடும்" என்றாள் அவர் மனைவி அம்சவல்லி. காலையில் அந்த மரத்தோடு நாலு வார்த்தை பேசாமல் அவள் காபி குடித்ததே இல்லை.

"சிங்கப்பூர்லேருந்து உன் மவன் பரிதி கார் புக் பண்ணிட்டான். வெள்ளிக்கிழமை வந்து நிக்கப் போவுது. உன் மடியிலயா வச்சுக்கப் போற?"

அம்சவல்லி உலை வைக்கப் போய்விட்டாள்.

கூலிக்கு வந்த பகலவன் மரத்தைச் சுற்றி வட்டமாகத் தோண்டினான். மதியத்துக்குள் முழங்கால் ஆழம் ஆகிவிட்டது. சாப்பிட உட்கார்ந்தார்கள். இரண்டு பேருக்கும் மீன் குழம்பு ஊற்றிவிட்டு, "மரத்துக்குக் கடைசியா ஒரு குடம் தண்ணி ஊத்திட்டு வர்றேன்" என்று அம்சவல்லி வெளியே போனாள்.

"பாரு, மரம் என்னமோ கல்யாணமாகிப் போற மாதிரி!" என்று சிரித்தார் ரெத்தினம்.

சாப்பிட்டுவிட்டு வந்து பகலவன் கடப்பாரையைப் போட்டான்.

ணங்!

"அண்ணே, கல்லு இல்லண்ணே. வேற என்னமோ." மண்ணை விலக்கினான். மஞ்சளாக ஒரு வளைவு தெரிந்தது. "பிள்ளையார் தொந்தி மாதிரி இருக்குண்ணே!"

ரெத்தினம் தன் செருப்பை உதறிவிட்டுக் கைகளைக் கூப்பினார். "ஐம்பொன் சிலைடா!"

"புதுசு கணக்கா மின்னுதே?"

"ஐம்பொன்னுன்னா சும்மாவா? ஆயிரம் வருஷம் ஆனாலும் மின்னும். மொதல்ல செருப்பைக் கழட்டு."

அம்சவல்லி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்து, கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "தாசில்தாருக்குப் போன் போடுங்க. சாமி விஷயம்."

"வாயை மூடு! அவர் வருவாரு, பின்னாடியே போலீஸ் வரும். வீட்டைச் சுத்திக் கயிறு கட்டுவாங்க. ஒண்ணு கெடைச்சா பக்கத்துல ஏழு இருக்கும்னு அடுப்படி வரைக்கும் தோண்டுவாங்க."

"தோண்டட்டுமே. எல்லாருக்கும் நான் டீ போட்டுத் தர்றேன். டிவிக்காரங்க வந்தா நீங்க அந்த நீலச் சட்டையைப் போட்டுக்குங்க."

"அண்ணி, டிவின்னா எனக்கும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்க" என்றான் பகலவன்.

"சும்மா இருடா!"

"சொல்லாம நாமளே எடுத்து வச்சுக்கிட்டா?" என்றாள் அம்சவல்லி.

"சிலைக் கடத்தல்னு உள்ள தள்ளிடுவான். இந்த வயசுல நான் கம்பி எண்ணவா?"

எதிர்வீட்டுத் தங்கமணி கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்டது. ரெத்தினம் குரலைத் தாழ்த்தினார். "மூடுடா! மண்ணைத் தள்ளு. நாம எதையும் பாக்கல."

"மரம்?" என்றாள் அம்சவல்லி.

"இருந்த இடத்துலயே இருக்கட்டும். இனிமே இந்த எடத்துல எவனும் மண்வெட்டி வைக்கப்படாது."

"அப்ப காரு?"

"தெருவுல நிக்கட்டும். ஊர்ல எல்லார் காரும் அங்கதானே நிக்குது?"

தங்கமணி எட்டிப் பார்த்தாள். "என்னண்ணே, வாசல்ல பள்ளம்?"

"மரத்துக்கு எரு வச்சோம்மா" என்றார் ரெத்தினம், வெறுங்காலோடு, கைகளைக் கூப்பியபடியே.

மறுநாள் காலை அவர் பால் வாங்கப் போன நேரத்தில், அம்சவல்லி மந்தாரை மரத்தடியைத் தோண்டித் தன் பித்தளை இட்லிப் பானையை எடுத்து, புளி போட்டுத் தேய்த்து, அடுப்பில் ஏற்றினாள்.