மூன்றாவது பூங்காவின் பாப்பா

மூன்றாவது பூங்காவின் கல்பாதையில் ஈரமான காலடித் தடங்கள் தெரிந்தன. ஐந்தாறு வயதுக் குழந்தையின் வெறுங்கால். விரல்கள் ஐந்தும் அச்சாக விழுந்திருந்தன. பனி படிந்த புல்தரையில் தொடங்கி, பாதையைக் குறுக்கே கடந்து, ஆற்றுப் படிக்கட்டுப் பக்கமாகப் போயின.

சுற்றிலும் ஈ, காக்கை இல்லை. நகராட்சி இன்ஜினியரம்மாவுக்கு ஒரு விநாடி முதுகு சில்லிட்டது.

பக்கத்தில் பூங்காக் காவலாளி வாயடைத்து நின்றார். தண்ணீர்ப் பக்கம் யார் போனாலும் ஊதித் தள்ளுவதால் ஊரே அவரை 'விசில்' என்றுதான் கூப்பிடும். அந்த விசில் இப்போது உதட்டில் சும்மா தொங்கியது.

ஆற்றோரமாக மூன்று பூங்காக்களைக் கோத்துப் போகிற அந்த நடைபாதைக்கு மேடு பள்ளம் கிடையாது. முழங்கால் வலிக்காரர்கள்கூட அலுங்காமல் நடக்கலாம். ஆனால் இரண்டாவது பூங்கா முடிந்ததும் எல்லோரும் திரும்பிவிடுவார்கள். மூன்றாவதில் 'பாப்பா' இருக்கிறதாம். முழுகிப்போன குழந்தை விடியற்காலையில் ஆற்றிலிருந்து ஏறி வந்து நடக்கிறதாம்.

இன்ஜினியரம்மா மாற்றலாகி வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. பேய்க்குக் கால் கிடையாது என்று கேட்டு வளர்ந்தவருக்கு, தடம் பதிக்கிற பேய் என்றதுமே சந்தேகம். அதுவும், காவலாளி விடுப்பு எடுக்கும் நாளில் பேயும் விடுப்பு எடுத்துக்கொண்டது. அதனால்தான் இன்று இருட்டோடு அவரை முதல் பூங்கா வாசலுக்கு வரவழைத்து, கூடவே நடத்திக் கூட்டிவந்தார்.

"அந்தப் பையைத் திறங்க," என்றார், காவலாளியின் தோளில் தொங்கிய பையைக் காட்டி.

"மேடம், ஒரு நிமிஷம், இந்தத் தடம்..."

"தடத்தைத்தான் பார்த்துட்டேனே. பையைத் திறங்க."

டிபன் பாக்ஸுக்கு அடியில் இரண்டு ரப்பர் துண்டுகள். பழைய செருப்பை அறுத்து, விரல் விரலாகச் செதுக்கிய பாதங்கள். இடது ஒன்று, வலது ஒன்று.

"பிரமாதம். எத்தனை நாளா இந்தக் கூத்து?"

"ரெண்டு வருஷமா, மேடம்." காவலாளி படிக்கட்டுப் பக்கம் கையைக் காட்டினார். "கடைசிப் படி பூரா பாசி. அதுக்குக் கீழே ஆள் முழுகுற ஆழம். கம்பித் தடுப்பு போடச் சொல்லி மனு மேல மனு எழுதினேன். 'அபாயம்'னு ஒரு போர்டு வச்சாங்க. பசங்க அந்த போர்டையே படியில சாய்ச்சு சறுக்கு விளையாடினாங்க."

"அதுக்கு?"

"போர்டுக்குப் பயப்படாதவங்க பேய்க்குப் பயப்படுறாங்களே மேடம். பாப்பா வந்த பிறகு ஒரு குழந்தைகூட இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கலை."

இன்ஜினியரம்மா ரப்பர் பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அளவு அச்சு அசலா இருக்கே. யார் காலு?"

"என் பொண்ணோடது." காவலாளி ஆற்றைப் பார்த்துச் சொன்னார். "இதே படிதான் மேடம். அன்னிக்கு எனக்கு முதல் பூங்காவில டியூட்டி."

இன்ஜினியரம்மாவின் கோபம் இருந்த இடம் தெரியாமல் போயிற்று.

"கம்பித் தடுப்புக்கு நான் பொறுப்பு. இந்த மாசமே போட வைக்கிறேன்," என்றார். "ஆனா இதை இன்னியோட விட்டுடுங்க. நகராட்சி ஆளே பேய் வேஷம் கட்டுறார்னு வெளியில தெரிஞ்சா உங்க வேலைக்கே உலை."

ரப்பர் துண்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, உள்ளங்கையில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டார்.

காவலாளியின் விரல்கள் அவற்றைப் பிடிக்கவில்லை. துண்டுகள் கீழே விழுந்தன. அவர் கண் தடங்களிலேயே நிலைத்திருந்தது.

"மேடம், இருட்டோட என்னை முதல் பூங்கா கேட்டுக்கு வரச் சொல்லிட்டீங்க."

"ஆமா, அதுக்கென்ன?"

"நான் இன்னிக்கு இன்னும் தடம் வைக்கவே இல்லை."

இன்ஜினியரம்மா குனிந்து பார்த்தார்.

"நான் வைக்கிற தடம் ஆத்துலேருந்து ஏறி வரும் மேடம்! இது இறங்கிப் போகுது!" கத்திக்கொண்டே காவலாளி படிக்கட்டைப் பார்த்து ஓடினார். விசிலை வாயில் வைத்தார், மூச்சுதான் வரவில்லை. இன்ஜினியரம்மா செருப்பை உதறிவிட்டுப் பின்னாலேயே ஓடினார்.

கடைசிப் படியில் ஒரு சிறுமி உட்கார்ந்திருந்தாள். மடியில் பந்து. கால்கள் இரண்டும் தண்ணீருக்குள் ஆடிக்கொண்டிருந்தன. எதையோ தேடுகிறவளைப் போல முன்னால் சாய்ந்து ஆழத்தை எட்டிப் பார்த்தாள்.

காவலாளி பாசியில் சறுக்கி விழுந்து, எழுந்து, அவளை அப்படியே வாரித் தூக்கினார். மேல்படிக்கு வந்த பிறகும் பிடியைத் தளர்த்தவில்லை. பெரிய மனிதர், குழந்தையைப் போல விம்மி விம்மி அழுதார். பந்து மட்டும் தண்ணீரில் விழுந்து, சுழன்று, உள்ளே போயிற்று.

"யாரும்மா நீ? தனியாவா வந்தே?" இன்ஜினியரம்மாவுக்கு மூச்சு வாங்கியது. "இங்கே பேய் இருக்குன்னு உனக்கு யாருமே சொல்லலையா?"

"சொன்னாங்களே," என்றாள் சிறுமி, காவலாளியின் தோளில் இருந்தபடி. "ஒரு பாப்பா தினமும் தனியாவே நடக்குறாளாம், பாவம். அதான் கூட விளையாட வந்தேன்."